எச்-1பி விசாவின் வரலாறு

எச்-1பி விசா என்பது, சிறப்புக் கல்வித் தகுதி தேவைப்படும் பணிகளில் வெளிநாட்டவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்திக்கொள்ள அமெரிக்க நிறுவனங்களுக்கு வழிசெய்யும் தற்காலிக நுழைவிசைவு ஆகும். இதற்காகப் பணியாளர் தாமாக அரசிடம் மனுச் செய்ய முடியாது. வேலை தரும் நிறுவனமே ஸ்பான்சராக இருந்து மனு அளிக்க வேண்டும். ஆகவே ஒருவர் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை, அவருடைய நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு எத்தனை பேருக்கு விசா என்பதே இதைப் பற்றி அதிகம் பேசப்படும் செய்தி. அந்தப் பிணைப்பு எப்படி உருவாகி, எந்த அளவுக்குத் தளர்ந்தது என்பது அதன் மற்றொரு வரலாறு.

தோற்றம்

1952 ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம் 'எச்-1' என்ற பிரிவை உருவாக்கியது. தனிச்சிறப்பும் திறமையும் உடைய வெளிநாட்டவருக்கான பிரிவு இது. வருபவர் தம் நாட்டில் இருப்பிடம் உடையவராகவும், திரும்பிச் செல்லும் எண்ணம் கொண்டவராகவும் இருக்க வேண்டும். அவர் செய்யும் வேலையும் தற்காலிகமானதாக இருக்க வேண்டும். 1970 ஆம் ஆண்டின் திருத்தம் இவற்றுள் கடைசி நிபந்தனையை நீக்கியது. அதன் பிறகு நிரந்தரமான ஒரு பதவியிலும் தற்காலிக விசாவில் வந்தவரை அமர்த்த முடிந்தது.

1990 ஆம் ஆண்டுச் சட்டம்

செவிலியர்களுக்கு 1989 இல் எச்-1ஏ என்ற தனிப்பிரிவு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், எச்-1பி பிரிவுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது. அதன் முக்கியக் கூறுகள்:

- பணிக்குரிய துறையில் குறைந்தது இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும்.
- ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பு விதிக்கப்பட்டது.
- அதிகபட்சக் காலம் 6 ஆண்டுகள்.
- அதே வேலையைச் செய்யும் பிறருக்கு நிறுவனம் தரும் ஊதியம், அவ்வட்டாரத்தில் நிலவும் ஊதியம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைத் தருவதாக நிறுவனம் தொழிலாளர் துறைக்கு உறுதி அளிக்க வேண்டும்.
- விசாக் காலம் முடியுமுன் பணியாளரை நீக்கினால், அவர் ஊர் திரும்பும் பயணச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர் நிரந்தரக் குடியிருப்புரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, முயல்வதும் தடையில்லை என்று இச்சட்டம் ஏற்றுக்கொண்டது. இதனால் தற்காலிக விசா பலருக்கு நிரந்தரக் குடியேற்றத்தின் முதல் படியாயிற்று.

வரம்பும் குலுக்கலும்

முதல் சில ஆண்டுகளில் 65,000 என்ற வரம்பு எட்டப்படவில்லை. தகவல் தொழில்நுட்பத் துறை விரிவடைந்தபோது, 1997 ஆம் நிதியாண்டில் முதன்முறையாக அது நிரம்பியது. 1998 ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை 1,15,000 ஆகவும், 2000 ஆம் ஆண்டுச் சட்டம் 1,95,000 ஆகவும் உயர்த்தின. 2004 ஆம் நிதியாண்டில் அது மீண்டும் 65,000க்கு இறங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கு மேல் பெற்றோருக்காகப் பின்னர் 20,000 இடங்கள் சேர்க்கப்பட்டன. பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் இவ்வரம்புக்கு உட்படுவதில்லை.

2007 ஏப்ரலில் மனுக்கள் பெறத் தொடங்கிய உடனேயே வரம்பு தாண்டப்பட்டதால் குலுக்கல் நடத்தப்பட்டது. 2013 முதல் ஆண்டுதோறும் குலுக்கல் வழக்கமாயிற்று. 2020 இல் இணையவழிப் பதிவு வந்தது. ஒருவருக்காகப் பல நிறுவனங்கள் பதிவு செய்து வாய்ப்பைப் பெருக்குவதைத் தடுக்க, 2024 முதல் பதிவுகளை அல்லாமல் ஆட்களைத் தெரிவு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது.

பிணைப்பும் தளர்வும்

தொடக்கத்தில், வேலை மாற விரும்பும் பணியாளர் புதிய நிறுவனத்தின் மனு ஏற்கப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலை இழந்தாலோ, சட்டப்படி தங்கும் தகுதியும் உடன் போய்விடும். குறைந்த ஊதியம், மிகுந்த வேலைநேரம் பற்றி முறையிடப் பலர் தயங்கியதற்கு இது ஒரு காரணம்.

1998 ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தராமல் காத்திருக்க வைக்கும் நாட்களுக்கும் நிறுவனம் ஊதியம் தர வேண்டும் என்றது. ஒப்புக்கொண்ட காலத்துக்கு முன் விலகுபவரிடம் தண்டமாகப் பணம் வசூலிப்பதையும் தடுத்தது. 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதிய நிறுவனம் மனு அளித்தவுடனே அங்கு வேலையைத் தொடங்கலாம். 2017 ஜனவரி முதல், வேலை இழந்தவருக்கு வேறு வேலை தேடவோ புறப்படவோ 60 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கிறது. விசாக் காலம் அதற்குமுன் முடிந்தால் அவகாசமும் அத்துடன் முடியும்.

காத்திருப்பு

அண்மை ஆண்டுகளில் ஏற்கப்பட்ட எச்-1பி மனுக்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவில் பிறந்தோருக்கானவை. ஆனால் வேலைவழி கிரீன் கார்டுகளில், பொதுவாக எந்த ஒரு நாட்டில் பிறந்தோருக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் வழங்கப்படுவதில்லை. இதனால் இந்தியர்களின் வரிசை மிக நீண்டுவிட்டது. அவ்வாறு காத்திருப்போர் 6 ஆண்டுகளுக்குப் பிறகும் விசாவை நீட்டித்துக்கொள்ள 2000 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இடையில் நிறுவனம் மாறினால் வரிசையில் பெற்ற இடம் பெரும்பாலும் காக்கப்படும். எனினும், புதிய நிறுவனம் பல படிகளை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

இது குடும்பத்தையும் பாதிக்கிறது. எச்-4 விசாவில் வரும் வாழ்க்கைத்துணைகளில் ஒரு பகுதியினருக்கு 2015 இல்தான் வேலை செய்யும் உரிமை கிடைத்தது. பிள்ளைகள் 21 வயதை எட்டும்போது எச்-4 தகுதியை இழக்கின்றனர். சிறு வயதிலிருந்தே அங்கு வளர்ந்தவரும் வேறு விசா பெறவோ வெளியேறவோ வேண்டியிருக்கும்.

2025 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் வெளியிட்ட அறிவிப்பு, நாட்டுக்கு வெளியே இருப்போருக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. இக்கட்டணம் மனுச் செய்யும் நிறுவனத்தைச் சார்ந்தது. 1952 முதல் வரம்பு, ஊதிய விதி, கட்டணம் எனப் பலவும் மாறியுள்ளன. மனுவுக்கு உரியவர் பணியாளர் அல்லர், நிறுவனமே என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.