குரலுக்குப் புள்ளியா, மொழிக்குப் புள்ளியா?
காது கேளாதோருக்கான ஆங்கிலக் கணினி விளையாட்டுகள்: மும்பையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

மும்பை மத்திய ரயில் தடத்தில் காஞ்சூர்மார்க்கைத் தாண்டியதும் வருகிறது பாண்டுப். அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, வேலைக்கு ஆங்கிலம். காது கேட்கும் பிள்ளை நான்கையும் போகிற போக்கில் பொறுக்கிக்கொள்ளும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூடத் தானாக வந்து சேராது. அந்தக் குறையைக் கணினி தீர்க்கும் என்ற நம்பிக்கைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இதற்காக உருவான மென்பொருள்களும் விளையாட்டுகளும் பிள்ளையிடம் எதை எதிர்பார்த்தன, எதற்குப் புள்ளி கொடுத்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மேலைநாடுகளில் குரல் பயிற்சி, மொழிப் பயிற்சி என இரண்டு ஓடைகள் இருந்தன. இந்தியா நெடுங்காலம் முதல் ஓடையிலேயே நின்றுவிட்டது.

அதற்கான காரணம் கணினிக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி ஆகாது, பேச்சு வழியே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. சில ஆண்டுகளிலேயே ஆயர் லியோ மெரின் முயற்சியால் பம்பாயில் காது கேளாதோர் பள்ளி பிறந்தது. 1890களில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டு முழுக்க இந்தியப் பள்ளிகளில் வாய்மொழி முறையே கோலோச்சியது. விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் கை பேசியது. வகுப்பறையில் உதடுதான் பேச வேண்டும். 1983இல் பாந்திராவில் காது கேளாதோருக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டபோதும் சூழல் அதுதான்.

கணினி இந்த வகுப்பறைக்குள் நுழைந்தது. ஐபிஎம் நிறுவனம் 1988இல் வெளியிட்ட 'ஸ்பீச் வியூவர்' பிள்ளையின் குரலையே விளையாட்டுப் பொருளாக்கியது. குரலின் உரமும் சுருதியும் மாறும்போது திரையில் படமும் மாறும். காதுக்கு எட்டாத தன் குரலைப் பிள்ளை கண்ணால் பார்த்தது. இது சாதாரண விஷயமல்ல.

பாண்டுப்பின் பக்கத்திலேயே, பவாயில் உள்ள ஐஐடி பம்பாயில் பேராசிரியர் பி.சி. பாண்டேயின் குழு இதே திசையில் இன்னும் ஆழமாகப் போனது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. க என்னும் ஒலி வாய்க்குள் வெகு பின்னால் பிறப்பதால் பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. எனவே பேச்சொலியைப் பகுத்தாய்ந்து, வாய்க்குள் நாக்கு எங்கே நெருங்குகிறது என்பதைத் திரையில் வரைந்து காட்டும் பயிற்சிக் கருவிக்கு அந்தக் குழு முயன்றது. ஒரு சிக்கல் குறுக்கிட்டது. ப, ட, க போன்ற வல்லின ஒலிகளில் வாய் ஒரு கணம் முழுதாக அடைபடும். அந்தக் கணத்தில் ஒலி ஏறக்குறைய இல்லை. கணக்கிட எதுவும் மிஞ்சாது. அடைப்புக்கு முன்னும் பின்னும் வரும் உயிரொலிகளிலிருந்து நடுவிலுள்ள வடிவத்தை ஊகிக்கும் முறையை அவர்கள் வகுத்தார்கள். அது 2009இல் ஆய்விதழில் வெளிவந்தது. நுட்பமான வேலை, மதிக்கத்தக்கது. ஆனால் அது தீர்ப்பது உச்சரிப்புச் சிக்கலை. ஆங்கிலம் தெரியாத பிள்ளை அதைத் திருத்தமாக உச்சரிக்கக் கற்றால் உச்சரிப்பு மட்டுமே வரும்.

ஆங்கிலம் எங்கே இடறுகிறது என்பதை 1970களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் குயிக்லி குழுவினர் காட்டிவிட்டனர். 'தி பாய் வாஸ் புஷ்ட் பை தி கேர்ள்' என்ற வாக்கியத்தைக் காது கேளாத மாணவர்கள் பலர் பையன் பெண்ணைத் தள்ளினான் என்றே படித்தார்கள். பெயர், வினை, பெயர் என்ற வரிசையில் முதலில் நிற்பவரே செய்பவர் என்று கொண்டார்கள். 'வாஸ்', 'பை' என்ற இரண்டு சின்னச் சொற்கள் அர்த்தத்தையே தலைகீழாக்குவது அவர்கள் கண்ணில் படவில்லை. இன்று கைபேசியில் கிடைக்கும் 'படத்தைச் சொல்லோடு பொருத்து' விளையாட்டை இதன்முன் வைத்துப் பாருங்கள். பையன், பெண், தள்ளு என மூன்றுக்கும் மூன்று நட்சத்திரம் கிடைக்கும். வாக்கியம் மட்டும் தவறாகவே இருக்கும்.

இரண்டாம் ஓடை இங்கிருந்துதான் கிளைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் உருவான 'இலியட்' என்ற மென்பொருள் இலக்கண விதிகளிலிருந்து வாக்கியங்களைத் தானே உருவாக்கி, அவற்றைக் கேள்வியாகவும் செயப்பாட்டு வினையாகவும் மாற்றிக் காட்டியது. 1985இல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் டிரென்ட் பேட்சன் கணினிகளை வலையாக இணைத்து, வகுப்பு முழுவதையும் தட்டச்சில் உரையாட வைத்தார். அதைக் கணினி விளையாட்டு என்று யாரும் அழைக்கவில்லை. ஆயினும் பரீட்சைத் தாளில் மட்டுமே கண்டிருந்த ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கவும் கேலி செய்யவும் மாணவர்களுக்கு அது இடம் தந்தது. பின்னர் வந்த பல வண்ணமயமான செயலிகளைவிட விளையாட்டின் குணம் அதில்தான் அதிகம் என்பேன்.

அடுத்த திருப்பம் 2000களில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனம் உருவாக்கிய 'காப்பிகேட்' விளையாட்டு. ஐரிஸ் என்ற பூனைக்கு எதிரி ஒளிந்திருக்கும் இடத்தைப் பிள்ளை அமெரிக்கச் சைகை மொழியில் சொல்ல வேண்டும். கணினி அந்தக் கையசைவைப் புரிந்துகொள்ள முயலும். அதில் ஆங்கிலமே இல்லை. காது கேளாத பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். முதல் மொழியே உறுதிப்படாமல் பள்ளிக்கு வருகிறார்கள். முதல் மொழி வலுப்பெற்றால்தான் இரண்டாவதை அதன்மேல் கட்ட முடியும் என்பது இத்தகைய முயற்சிகளுக்குப் பின்னுள்ள எண்ணம்.

இந்தியாவில் அந்த முதல் மொழியான சைகை மொழியை மொழி என்று ஏற்கவே காலம் பிடித்தது. 1970களின் இறுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்ட் முதலானோர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளைத் தொகுத்தனர். மொழியியலாளர் உல்ரிக்கே செஷான் இந்தியச் சைகை மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்தார். வாய்மொழி முறை செழித்த காலத்தில் பிறந்த பாந்திரா நிறுவனத்திலேயே 2000களின் தொடக்கத்தில் சைகை மொழிக்குத் தனிப் பிரிவு வந்தது. கோயம்புத்தூர் ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா பல்கலைக்கழகம் இணையச் சைகை அகராதி ஒன்றை உருவாக்கியது. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கிய அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது.

அதே 2015இல் செஷான் தலைமையில் பிரிட்டனின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகம் இந்தியக் கூட்டாளிகளோடு தொடங்கிய 'ஸ்லெண்ட்' என்ற இணையத் தளமே, எனக்குத் தெரிந்தவரை, இரண்டாம் ஓடை இங்கே வந்து சேர்ந்ததற்குத் தெளிவான சான்று. அதில் கற்பித்தவர்களும் காது கேளாத இளைஞர்களே. பாடநூல் வாக்கியங்களை விட்டு, அன்றாடம் கண்ணில் படும் ஆங்கிலத்தை எடுத்துச் சைகை மொழியில் விளக்கினார்கள். பின்னர் செஷான் விளையாட்டு வழிக் கற்றலைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இதற்கிடையே நம் தேர்வு முறை வேறு வழி கண்டது. காது கேளாத மாணவர்களுக்குத் தமிழ்நாடு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் ஒரு மொழி போதும் என்கிறது. சலுகை நியாயமானது. ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் அந்த விலக்கு செல்லாது.

இந்தியச் சைகை மொழியில் விளக்கி, ஆங்கில வாக்கிய அமைப்புக்குப் புள்ளி தரும் விளையாட்டுக்குத் தேவையான அகராதி கையில் இருக்கிறது. கற்பிக்கத் தெரிந்த காது கேளாத இளைஞர்களும் இருக்கிறார்கள். கணினித் துறையில் வேலை பார்க்கும் மும்பைத் தமிழர்களும், நிதி திரட்டத் தெரிந்த நம் சங்கங்களும் இவர்களோடு உட்கார்ந்தால் போதும். அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைக்கென ஆங்கிலச் செயலி வாங்கும்முன் கைபேசியின் ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் அதை வாங்காதீர்கள்.