ஒரு சொல்லின் ஒன்பது வருடம்

1970இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் முதல் பெயர் அயன் கிரெஸ்ஸர். பாரிஸை ஒட்டிய வில்ஜுயிஃப் என்ற ஊரில் புற்றுநோய் ஆய்வு செய்துகொண்டிருந்த அமெரிக்கர். ஆய்வகத்தில் வளர்த்த சுண்டெலியின் ரத்தப் புற்றுநோய் செல்கள் பெருகுவதை இன்டர்ஃபெரான் தடுக்கிறது, இதுதான் சேதி. ஆனால் தலைப்பில் 'இன்டர்ஃபெரான்' என்று மட்டும் இல்லை. 'இன்டர்ஃபெரான் தயாரிப்புகள்' என்று இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இரண்டாவது சொல்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1957இல் லண்டன் மில் ஹில்லில் ஐசக்ஸும் லிண்டன்மானும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸைக் கோழிக் கருவின் சவ்வோடு வைத்தால், அந்தச் செல்கள் எதையோ சுரக்கின்றன. அது மற்ற செல்களை வைரஸிலிருந்து காப்பாற்றுகிறது. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். வைரஸை மட்டும் தடுக்கும், செல்லை ஒன்றும் செய்யாது என்பது அன்றைய நம்பிக்கை. 1962இல் பாக்கர், கான்டெல், ஹென்லே மூவரும் அது செல்களின் வளர்ச்சியையும் மந்தமாக்குகிறது என்று எழுதினார்கள். பெரும்பாலோர் நம்பவில்லை. கலப்படத்தின் வேலையா இருக்கும் என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றைக்குக் குப்பியில் இருந்த புரதத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இன்டர்ஃபெரான் கிடையாது. நூறு மாற்றங்களை ஒரே நாளில் ரிலீஸ் செய்துவிட்டு, இந்த ஒரு வரிதான் சிஸ்டத்தை வேகமாக்கியது என்று சொன்னால் எங்கள் டீமில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிரெஸ்ஸர் வாதாடவில்லை, சோதனைகளை அடுக்கினார். இன்டர்ஃபெரானுக்கு அசையாத ஒரு புற்றுநோய் செல் வகையை அவர் குழு பிரித்தெடுத்தது. ஆய்வகத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அது பெருகிக்கொண்டே இருக்கும். அதையே சுண்டெலிகளுக்குள் செலுத்தி, இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அந்தச் சுண்டெலிகள் ஊசி போடாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன. 1972இல் இது வெளியானது. அப்படியென்றால் மருந்து புற்றுநோய் செல்லை நேரடியாகத் தொடாமலும் வேலை செய்கிறது, உடம்பின் வழியாக. புற்றுநோய்க்கு எதிராக உடம்பையே திருப்பலாம் என்ற எண்ணத்துக்கு இது ஒரு ஆரம்பகாலச் சாட்சி.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் நாயகன். ஆனால் 1975இல் அவரே இன்னொன்றை வெளியிட்டார். வளர்ந்த சுண்டெலிகள் தாங்கிக்கொண்ட அதே பொருளைப் பிறந்த குட்டிகளுக்குத் தினமும் கொடுத்தால், அவை வளராமல் சுருங்கிச் செத்தன. கல்லீரல் கெட்டிருந்தது. சில நாளிலேயே ஊசியை நிறுத்தினால் பிழைத்தன, ஆனால் பின்னாளில் சிறுநீரக நோய் வந்தது. வளர்ச்சியைத் தடுக்கும் பொருளுக்கு, எந்த வளர்ச்சி வேண்டாதது என்று எப்படித் தெரியும்? இந்தக் கட்டுரையின் தலைப்பிலும் 'தயாரிப்புகள்' இருந்தது. நல்ல சேதிக்கு வைத்த அதே நிபந்தனை கெட்ட சேதிக்கும்.

1979 கட்டுரையின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. தூய்மையாக்கிய சுண்டெலி இன்டர்ஃபெரானை வைத்து மறுபடி சோதித்தார்கள். வைரஸைத் தடுப்பது, செல் பெருக்கத்தைக் குறைப்பது இரண்டையும் அதுவே செய்தது. 1962இல் சொன்னது உண்மைதான்.

அதற்குள் வெளியுலகம் எங்கேயோ போயிருந்தது. 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் நோயாளிகளிடம் சோதிக்க இன்டர்ஃபெரான் வாங்க 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. 1980 மார்ச்சில் டைம் இதழின் அட்டையிலேயே அது வந்துவிட்டது. பிறகு மரபணுப் பொறியியலில் தாராளமாகத் தயாரித்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலான கட்டிகள் அசையவில்லை. காய்ச்சலும் நடுக்கமும் கலப்படத்தால்தான் என்று நினைத்திருந்தார்கள். தூய மருந்திலும் அவை வந்தன. 1986இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது ஹேரி செல் லுகேமியா என்ற அபூர்வமான ரத்தப் புற்றுநோய்க்கு. பிறகு ஹெபடைட்டிஸ் சி போன்ற சிலவற்றுக்கும் பயன்பட்டது. அதிசய மருந்து இல்லை, ஆனால் பல உயிர்களை நீட்டித்த மருந்து.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு' என்று ஒரு செய்தி வரும். அதை அனுப்புகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வருவதில்லை. வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது யாருக்கும் 'தயாரிப்புகள்' என்ற சொல் வேண்டாம், 'மருந்து' என்ற சொல்தான் வேண்டும். அதனால்தான் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்த ஒருவர் எனக்கு முக்கியமாகப் படுகிறார். நம்புவதற்கு அவருக்கும் ஆசை இருந்திருக்கும். குப்பியில் என்ன இருக்கிறதோ அதை அந்தத் தலைப்புகளில் எழுதினார்.