அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களின் இரண்டாம் வேலை

ஐக்கிய அமெரிக்காவில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுள் ஒரு பகுதியினர் மாலையிலும் வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் வேறு வேலை பார்க்கின்றனர். இவ்வழக்கம் அண்மைக்கால விலைவாசி உயர்வால் மட்டும் தோன்றியதன்று. ஆசிரியர் ஊதியம் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட முறையிலேயே இதன் வேர் உள்ளது.

பருவகாலப் பணி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ப்புறப் பள்ளிகள் ஆண்டு முழுவதும் நடக்கவில்லை. பண்ணை வேலை குறைந்த குளிர்காலத்தில் வளர்ந்த பையன்களும் பள்ளிக்கு வந்தனர். அவர்களுக்குப் பெரும்பாலும் ஆண்களே கற்பித்தனர். பருவம் முடிந்ததும் ஆசிரியர் பண்ணை வேலைக்கோ வேறு தொழிலுக்கோ திரும்பினார். பல ஊர்களில் அவர் மாணவர் வீடுகளில் முறைவைத்துத் தங்கி உண்டார். அதுவும் ஊதியத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. கவிஞர் வால்ட் விட்மன் லாங் தீவில் இவ்வாறு ஆசிரியராக இருந்தவர். 1838இல் ஒரு செய்தித்தாளையும் தொடங்கி நடத்தினார்.

பெண் ஆசிரியர்கள்

1837இல் மாசச்சூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலரான ஹோரஸ் மான் பொதுப் பள்ளி இயக்கத்தை வளர்த்தார். பள்ளி நாட்கள் கூடின. பெண்கள் பெருமளவில் பணியமர்த்தப்பட்டனர். ஆண்களின் ஊதியத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான் அவர்களுக்குக் கிடைத்தது. பெண்ணைத் தந்தையோ கணவரோ காப்பாற்றுவார் என்பது அக்கால எண்ணம். ஆனால் மணமானால் பணியிழக்கும் விதி பல நகரங்களில் இருந்ததால், நீடித்த பலர் தம் ஊதியத்தையே நம்பி வாழ்ந்தனர். பணி முழுநேரமாயிற்று, ஊதியமோ துணை வருமானத்தின் அளவிலேயே நின்றது.

சங்கங்களின் போராட்டம்

1897இல் சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு தோன்றியது. அதன் தலைவர்களுள் ஒருவரான மார்கரெட் ஹேலி, பெருநிறுவனங்கள் உரிய வரி செலுத்தாததை வழக்கு மன்றத்துக்குக் கொண்டு சென்றார். 1921இல் டென்வர், டி மொயின் நகரங்கள் தொடக்கப்பள்ளிக்கும் உயர்நிலைப்பள்ளிக்கும் ஒரே ஊதிய அட்டவணையை ஏற்றன. பெரும்பாலும் பெண்களே பணியாற்றிய தொடக்கப்பள்ளிகளுக்கு இது பெரிய மாற்றம். எனினும் பொருளாதாரப் பெருமந்தத்தில் சிகாகோ ஆசிரியர்கள் பல மாதங்கள் ஊதியமின்றிப் பணியாற்றினர். 1933இல் வங்கிகளை நோக்கி ஊர்வலம் சென்றனர். 1960இல் நியூயார்க் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபின் கூட்டுப்பேர உரிமை பரவலாயிற்று.

தற்காலம்

2015–16 கல்வியாண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் பள்ளி நடக்கும் காலத்திலேயே இரண்டாம் வேலை பார்த்தனர். 2018இல் மேற்கு வர்ஜீனியாவின் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பது பள்ளி நாட்கள் நீடித்த அவ்வேலைநிறுத்தம் 5 விழுக்காடு ஊதிய உயர்வுடன் முடிந்தது. அதே ஆண்டில் ஓக்லஹோமா, அரிசோனா ஆசிரியர்களும் போராடினர். ஊதியம், பள்ளி நிதி ஆகிய இரண்டையும் அவர்கள் சேர்த்தே கேட்டனர். மாலையில் வேறிடத்தில் உழைக்கும் ஆசிரியர், மறுநாள் பாடத்துக்கு ஆயத்தமாகும் நேரத்தையே அதற்கு விலையாகக் கொடுக்கிறார்; அவ்விழப்பில் மாணவருக்கும் பங்குண்டு.