நெடுஞ்சாலைச் சைக்கிளோட்டம்: ஐவர் உழைப்பில் ஒருவர் வெற்றி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உலு யாம், உலு லங்காட் பக்கம் போனால், வண்ணச் சட்டை அணிந்த சைக்கிளோட்டிகள் வரிசை வரிசையாக மேடேறுவதைக் காணலாம். பசியாற ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதுண்டு: "கோட்டை முதலில் தொடுபவர் ஒருவர்தானே? பிறகு எதற்குக் குழு?"

பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்த நம் பெரியவர்களுக்கு இதன் விடை பாதி தெரியும். எதிர்க்காற்று வீசும்போது முன்னால் போகிறவருக்குத்தான் பாடு அதிகம். நெடுஞ்சாலைச் சைக்கிளோட்டத்தின் வியூகம் முழுவதும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருக்கிறது.

காற்றுதான் முதல் எதிரி

சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், சைக்கிளோட்டியின் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால், அந்தச் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அதனால்தான் போட்டியில் எல்லாரும் ஒரே பெருங்கூட்டமாகச் செல்கிறார்கள். இதை பெலோட்டான் என்பார்கள்.

ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்று மறைவின் பயனும் குறைகிறது. அங்கே உடல் எடையும் கால் வலுவுமே பேசும். சமவெளியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து வந்தவர்களின் உண்மையான நிலை கெந்திங், புக்கிட் பிரேசர் போன்ற மலைப்பாதைகளில் தெரிந்துவிடும்.

யார் யாருக்கு என்ன வேலை?

ஐந்து பேர் கொண்ட ஓர் அமெச்சூர் குழுவை எடுத்துக்கொள்வோம். கடைசி 200 மீட்டரில் பாய்ந்து ஓடக்கூடியவர் ஒருவர், மேட்டில் வல்லவர் ஒருவர். மற்ற மூவரும் உதவி ஓட்டுநர்கள். பிரெஞ்சு மொழியில் இவர்களை டொமெஸ்டீக் என்பார்கள். வேலையாள் என்று பொருள்.

எதிர்க்காற்றில் முன்னால் நின்று இழுப்பது, தப்பிச் சென்ற எதிரணியினரைத் துரத்துவது, தலைவருக்குத் தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்து கொடுப்பது ஆகியவை இவர்களின் வேலை. கடைசி ஒரு கிலோமீட்டரில் இவர்கள் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராக முழு வேகத்தில் இழுத்துவிட்டு விலகுவார்கள். இறுதியில் பாய்ச்சல் வீரர் மட்டும் எஞ்சியிருப்பார். இதற்கு 'லீட் அவுட்' என்று பெயர்.

இன்னொரு வழி, தொடக்கத்திலேயே ஓரிருவரைத் தப்பிச் செல்ல விடுவது. தங்கள் ஆள் முன்னால் போய்விட்டால் குழுவின் மற்றவர்கள் துரத்தக்கூடாது. துரத்தும் வேலை எதிரணியின் தலையில் விழும். அவர்கள் களைத்துப்போவார்கள்; நம்மவர்கள் அவர்களின் நிழலில் இளைப்பாறலாம்.

தப்பிச் சென்றவரைப் பெருங்கூட்டம் பிடிக்குமா என்று கணிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. எஞ்சியுள்ள ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் முன்னிலை வேண்டும். 20 கிலோமீட்டர் இருக்கும்போது கையில் ஒரு நிமிடம்தான் என்றால், பெரும்பாலும் பிடிபட்டுவிடுவார்.

தோக்கியோ தந்த பாடம்

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தோக்கியோ ஒலிம்பிக் நல்ல சான்று. 2021 ஜூலை 25-ஆம் நாள் நடந்த மகளிர் நெடுஞ்சாலைப் போட்டியின் தூரம் 137 கிலோமீட்டர். நெதர்லாந்து நான்கு வலுவான வீராங்கனைகளை இறக்கியிருந்தது. ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர், அன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர். எந்தத் தொழில்முறைக் குழுவுடனும் அப்போது அவருக்கு ஒப்பந்தம் இல்லை.

போட்டி தொடங்கியதுமே ஐவர் தப்பிச் சென்றனர். அவர்களில் கீசன்ஹோஃபரும் ஒருவர். ஒரு கட்டத்தில் முன்னிலை 10 நிமிடத்தையும் தாண்டியது. பின்னால் வந்த பெரிய அணிகள் துரத்தும் பொறுப்பை ஒருவர் மீது ஒருவர் தள்ளின. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் இருக்கையில் கீசன்ஹோஃபர் தன் துணைவர்களையும் விட்டுவிட்டுத் தனியே போனார்.

ஒலிம்பிக் போட்டியில் சைக்கிளோட்டிகளுக்குக் காதுவழிக் கருவி கிடையாது. கடைசிக் கிலோமீட்டர்களில் இரண்டு பேரைப் பிடித்த பெருங்கூட்டத்தில் பலர், முன்னால் இனி யாரும் இல்லை என்று நினைத்துவிட்டனர். நெதர்லாந்தின் அன்னெமீக் வான் ஃப்ளூட்டன் தாம்தான் வென்றோம் என்று கைகளை உயர்த்திக் கோட்டைக் கடந்தார். ஆனால் 75 விநாடிகளுக்கு முன்பே கீசன்ஹோஃபர் தங்கத்தை வென்றிருந்தார்.

நம் ஊர் அமெச்சூர் குழுக்கள் பலவும் இப்படித்தான், கருவி இல்லாமல் ஓட்டுகின்றன. தப்பிச் சென்றவர்கள் எத்தனை பேர், எந்தெந்த எண், எவ்வளவு முன்னிலை என்பதை நினைவில் வைத்துச் சொல்ல ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பின்னடைவுகள் எங்கிருந்து வருகின்றன?

*பஞ்சர்:* தொழில்முறைக் குழுவுக்குப் பின்னால் கார் வரும். அமெச்சூருக்கு அந்த வசதி அரிது. உதவி ஓட்டுநர் தன் சக்கரத்தைக் கழற்றித் தலைவருக்குக் கொடுத்துவிட்டு, சாலையோரம் நின்றுவிடுவதுண்டு. அதற்குக் குழுவினர் அனைவரின் சக்கரமும் ஒத்துப்போக வேண்டும். ஒருவருக்கு டிஸ்க் பிரேக், மற்றவருக்கு ரிம் பிரேக் என்றால் கொடுத்தும் பயனில்லை.

*தண்ணீரும் உணவும்:* நம் வெயிலில் முதல் மணி நேரத்தில் குடிக்க மறந்தவரை மூன்றாவது மணி நேரத்தில் கால் தசைப்பிடிப்பு நிறுத்திவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். காலையில் சந்தான், சம்பாலோடு நாசி லெமாக் ஒரு கட்டு கட்டிவிட்டு வருபவருக்கு வயிறே எதிரணி ஆகிவிடும். எண்ணெய் குறைந்த சோறு, ரொட்டி, வாழைப்பழம் போதும்.

*விழுதல்:* மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலை மிகவும் வழுக்கும்; சாலையில் படிந்த எண்ணெய் மேலே வருவதே காரணம். விழும்போது கையை ஊன்றுவதால் தோள்பட்டைக் காறை எலும்பு முறிவது இந்த விளையாட்டில் சாதாரணம். தலை அடிபட்டு மயக்கம், குழப்பம், வாந்தி இருந்தால் மீண்டும் சைக்கிளில் ஏறக்கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்ட தலைக்கவசத்தில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றியாக வேண்டும்.

*மனக்கசப்பு:* அமெச்சூர் குழுக்களை உடைப்பது பெரும்பாலும் இதுதான். தன் குழுவினர் முன்னால் இருக்கும்போதே மற்றொருவர் ஆசைப்பட்டுத் துரத்தி, எதிரணியையும் கூடவே இழுத்துச் சென்றுவிடுவார். யாருக்காக ஓட்டுகிறோம், அவர் விழுந்தால் அடுத்தவர் யார், பரிசுப் பணத்தை எப்படிப் பிரிப்பது ஆகிய மூன்றையும் போட்டிக்கு முந்தைய நாளே பேசிவிடுவது நல்லது.

சாலையும் சட்டமும்

இந்த வியூகங்களெல்லாம் காவல்துறை அனுமதியோடு மூடப்பட்ட சாலைக்கே உரியவை. மலேசியாவில் டோல் நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு இடமில்லை. சிங்கப்பூரில் 2022 ஜனவரி 1 முதல், சாலையில் செல்லும் சைக்கிள் குழுவின் நீளம் ஐந்து சைக்கிளுக்கு மேல் போகக்கூடாது. இருவர் இருவராகச் சென்றால் அதிகம் பத்துப் பேர்.

பெயர் வராதவர்கள்

ஜெலாஜா மலேசியா 1968-இலும், லங்காவி சைக்கிளோட்டம் 1996-இலும் தொடங்கின. லங்காவிப் போட்டியில் ஒரு கட்டத்தை வென்ற முதல் மலேசியர் என்ற பெருமை 2010-இல் அனுவார் மானானுக்குக் கிடைத்தது. வரலாற்றில் பதிவாவது இத்தகைய வெற்றியாளர் பெயர்தான். காற்றில் இழுத்தவர்கள் முடிவுப் பட்டியலில் அறுபதாம் இடத்திலோ, 'முடிக்கவில்லை' என்ற குறிப்போடோ இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் "எத்தனாவது வந்தாய்?" என்று அப்பா கேட்கும்போது, பல இளைஞர்களுக்கு விளக்கம் சொல்ல வாய் வராது. செலவழித்த பணத்தையும், விடியற்காலைத் தூக்கத்தையும் எண்ணி, "இதெல்லாம் வேண்டாம்" என்று வீட்டில் முடிவு செய்துவிடுவதும் உண்டு.

உங்கள் பிள்ளையும் அப்படி ஒரு குழுவில் இருந்தால், அடுத்த முறை கேள்வியைச் சற்று மாற்றிப் பாருங்கள். "இன்றைக்கு யாருக்காக இழுத்தாய்? அவர் வென்றாரா?" என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் சொல்ல நிறையவே இருக்கும்.