தண்டனை யாருக்கு?

1860ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. கணவனின் அடியும் வசையும் தாளாது உயிரை வெறுத்த பெண் பிழைத்தெழுந்தால், சட்டம் அவளையே குற்றவாளியாக்கியது. அவளை அந்நிலைக்குத் தள்ளிய கை அதன் கண்ணில் படவில்லை.

நம் திருச்சபையும் அந்நாளில் கடுமையாகவே நடந்துகொண்டது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்து, மனம் வருந்திய அடையாளம் எதுவுமின்றி இறந்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது.

இருவகைச் சட்டங்களிலும் 1983ஆம் ஆண்டு திருப்புமுனையாயிற்று. அவ்வாண்டு சனவரியில் வெளியான புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. துணைவரின் உடலுக்கோ மனத்திற்கோ பெருங்கேடு விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழலாம் என்றும், தாமதம் ஆபத்தெனில் ஆயரின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அதன் 1153ஆம் விதி கூறுகிறது. அதே ஆண்டு திசம்பர் 25ஆம் நாள், தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. மனைவியைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய நடத்தையையே அது 'கொடுமை' என்பதன் முதற்பொருளாக வைத்தது. திருமணமாகி ஏழாண்டுக்குள் கொடுமைக்கு ஆளான பெண் தற்கொலை செய்துகொண்டால், கணவனோ அவன் உறவினரோ தூண்டியதாக நீதிமன்றம் கருதலாம் எனச் சாட்சியச் சட்டமும் திருத்தப்பட்டது.

மருத்துவமும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்ந்திருந்தது. அமெரிக்காவின் நியூ ஏவன் நகரில் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்த இவான் சுடார்க், ஆன் பிளிட்கிராப்ட் ஆகியோர், 1979இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அடிபட்ட பெண்களிடம் தற்கொலை முயற்சிகள் வன்முறை தொடங்கிய பின்னரே பெருகின என்று அவர்கள் கண்டனர். மனநோயாளி என்பதால் அவள் அடிபடவில்லை. அடிபட்டதால் மனம் உடைந்தாள்.

ஆயினும் 309ஆம் பிரிவு எளிதில் மறையவில்லை. 1994இல் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது, 1996இல் செல்லுமென்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் எனக் கொண்டு, தண்டனைக்கு மாறாகப் பராமரிப்பைக் கடமையாக்கியது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை.

சட்டங்கள் மாறின, நம் அறிவுரை மாறியதா? அழுது வரும் பெண்ணிடம், "சிலுவையெனச் சுமந்துகொள், மகளே" என்போர் நம்மிடையே இன்றும் உளர். தப்ப வழியுள்ள கொடுமையைச் சிலுவை என்று பெயரிட நமக்கு உரிமையில்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட பெண்ணைக் கண்டால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்கு முன், "உன்னை யார் என்ன செய்தார்?" எனத் தனிமையில் கேட்போம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பும் வீட்டில் வாழும் உரிமையும் தருகிறது. 181 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். இதனை அவளுக்குச் சொல்வதும் நம் மேய்ப்புப்பணியே.