பொறியியல் பயிலும் நம் பெண்மக்களும் வழிகாட்டும் மூத்தோரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

நம் மஹல்லாக்களிலிருந்து பெண்மக்கள் பொறியியல் கல்லூரிகளுக்குச் செல்வது இன்று புதுமையன்று. கட்டணத்திற்கு வழி செய்கிறோம். விடுதியை நேரில் பார்த்துச் சேர்க்கிறோம். சேர்ந்த பிள்ளை இடையில் நின்றுவிடாமல் கற்று முடிக்க எது துணை நிற்கும் என்பது அடுத்து எழும் கேள்வி. அதற்கு வரலாறு தரும் விடையை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

கற்கும் பெண்களுக்குத் தனிக் கவனம் தருவது நம் மார்க்க வரலாற்றின் தொடக்கத்திலேயே காணப்படுவதாகும். ஆண்களே எப்பொழுதும் சூழ்ந்திருப்பதால் தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குமாறு பெண்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அண்ணலாரும் அவ்வாறே நாள் குறித்துப் போதித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில், ஹலப் நகரை ஆண்ட ஸைஃபுத் தவ்லாவிடம் பணியாற்றிய அல்-இஜ்லிய்யா என்னும் பெண்மணியை இப்னு நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் குறிப்பிடுகிறார். வானளவைக் கருவியான அஸ்தர்லாபைச் செய்வோர் வரிசையில் அவர் பெயர் இடம்பெறுகிறது. அவரும் அவர் தந்தையும் ஒரே ஆசானிடம் அத்தொழிலைப் பயின்றவர்கள். நுண்கணக்கும் கைத்திறனும் ஒருங்கே வேண்டும் அக்கலையை அன்றைய பொறியியல் என்றே கூறலாம்.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது கிண்டி பொறியியற் கல்லூரி. அதன் வகுப்பறைக்குள் மாணவியாக ஒரு பெண் நுழைய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1919இல் பிறந்த ஏ. லலிதா 15 வயதில் மணமுடிக்கப்பட்டு, 18 வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தவர். கைம்பெண்களை வீட்டின் மூலையில் இருத்திய அக்காலத்தில் அவர் படிக்கத் துணிந்தார். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அவரது வேண்டுகோளை முதல்வர் கே.சி. சாக்கோவும், பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாத்தமும் ஏற்றனர். 1940இல் லலிதா சேர்ந்தார்.

வாசல் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே அவர் தனியர். சக மாணவர்கள் தொல்லை ஏதும் தரவில்லை. எனினும் இரவில் விடுதியில் பேச்சுத்துணைக்கு ஒரு பெண் இல்லை. இதை உணர்ந்த தந்தையின் முயற்சியால், பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டில் லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். அவர்களின் பட்டச் சான்றிதழ்களில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுத வேண்டியிருந்தது!

பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்துத் தடங்களை வடிவமைக்கும் பணியில் லலிதா பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டிலும் கலந்துகொண்டார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

அன்று ஒரு தந்தை தம் அனுபவத்தால் உணர்ந்ததை அண்மைக்கால ஆய்வு ஒன்று அளந்து காட்டியுள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் நிலாஞ்சனா தாஸ்குப்தா, தாரா டென்னஹி ஆகிய இருவரும் பொறியியல் முதலாண்டு மாணவியர் 150 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மூத்த மாணவி ஒருவர் வழிகாட்டி. இன்னொரு பிரிவினருக்கு மூத்த மாணவர். மூன்றாம் பிரிவினருக்கு எவருமில்லர். 2017இல் முடிவு வெளியாயிற்று. மூத்த மாணவியின் துணை பெற்றவர்களில் ஒருவர்கூட முதலாண்டில் பொறியியலை விட்டு விலகவில்லை. மாணவர் வழிகாட்டிய பிரிவில் 18 விழுக்காட்டினரும், வழிகாட்டி இல்லாத பிரிவில் 11 விழுக்காட்டினரும் விலகியிருந்தனர். மதிப்பெண் குறைந்ததால் அவர்கள் விலகவில்லை என்பதே இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 'இது எனக்குரிய இடம், என்னால் இயலும்' என்னும் உணர்வே பிள்ளைகளை நிலைநிறுத்தியது. அந்த ஓராண்டுத் துணையின் பயன் பட்டம் பெற்ற பின்னும் நீடித்ததை 2022இல் வெளியான தொடராய்வு காட்டியது.

இதனால் ஆண்களுக்குக் கடமை இல்லை என்றாகிவிடாது. லலிதாவுக்கு வாசலைத் திறந்தவர்கள் மூவரும் ஆண்களே. தந்தையரும் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் வாசலைத் திறக்க வேண்டும்; உள்ளே கைப்பிடித்து நடத்த முன்னே சென்ற ஒரு பெண் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பயணம் நிறைவேறும்.

ஆகவே ஜமாஅத்தார் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். நம் மஹல்லாவில் பொறியியல் முடித்த, இறுதியாண்டு பயிலும் சகோதரியரின் பெயர்ப்பட்டியல் ஒன்று தயாராகட்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மகளுக்கும், பெற்றோர் அறிய, அவர்களில் ஒருவர் ஓராண்டு காலம் துணையாக அமையட்டும். பைத்துல்மாலிலிருந்து கல்விக்குக் கொடுப்பது போலவே இதுவும் ஓர் உதவிதான். ஆனால் இதற்குப் பணம் தேவையில்லை. மாதம் ஒருமுறை பேசும் மனம் இருந்தால் போதும். கற்ற கல்வியைப் பிறர்க்குப் பயன்படச் செய்வது நிலையான தர்மமன்றோ!

வல்ல அல்லாஹ் நம் மக்களின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.