சிவகிரி மலைப்பகுதி: நிலவடிவ வரலாறு

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களின் பின்னணியில் மதில்போல் எழுந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதி சிவகிரி மலை எனப்படுகிறது. இதன் நீர்பிரி முகட்டுக்கு, அதாவது இருபுறத்து ஆறுகளையும் பிரிக்கும் உயர்கோட்டுக்கு, மேற்கே விழும் மழை அரபிக்கடலையும், கிழக்கே விழும் மழை வைப்பாறு போன்ற ஆறுகள் வழியாக மன்னார் வளைகுடாவையும் நோக்கிச் செல்கிறது. இம்மலையின் அண்மைக்கால வரலாற்றில் பெரும்பகுதி, இந்த முகட்டைத் தாண்டி நீரைத் திருப்பும் முயற்சிகளின் வரலாறே.

மலையின் உடல் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட்டு ஆகிய உருமாறிய பாறைகளால் ஆனது. இவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகிப் பின்னர் மேலே வந்தவை. கல்கத்தாவிலுள்ள ஆங்கிலேய நிர்வாகி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னோக்கைட்டுக்குச் சார்னாக்கின் பெயரையே இட்டார் என்பதும், அந்தக் கல்லே சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்து போனதாகக் கருதப்படுவதும் நிலவியல் நூல்கள் விடாமல் குறிப்பிடும் செய்திகள். தெற்கே செங்கோட்டைப் பக்கம் அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலம், அதாவது பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை, வடமேற்காகச் செல்கிறது. செங்கோட்டைக் கணவாய் இப்பட்டையின் நலிந்த பாறை அரிக்கப்பட்டதால் திறந்தது என்பது ஒரு கருத்து. பிளவுப் பெயர்ச்சிக்கே கூடுதல் பங்கு என்பது மற்றொன்று.

ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்தபோது மேற்கு விளிம்பு உயர்ந்தது என்றும், அந்த விளிம்பை மழையும் ஆறுகளும் அரித்து உள்நோக்கித் தள்ளியதால் இன்றைய மலைச்சரிவு உருவானது என்றும் பொதுவாக விளக்கப்படுகிறது. ஆனால் சிவகிரிப் பக்கத்தில் கிழக்குச் சரிவும் செங்குத்தாக இருப்பதை இந்த விளக்கம் மட்டும் முழுமையாகத் தெளிவாக்குவதில்லை.

தட்பவெப்பம் மலையின் இரு முகங்களையும் வேறுவிதமாகச் செதுக்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பீர்மேட்டுப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பொழிந்து பாறையை ஆழம் வரை மக்கவைத்துத் தடித்த மண்ணாக்க, மழைமறைவில் கிடக்கும் சங்கரன்கோவில் வட்டாரம் 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவாக, அதையும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஆனி, ஆடியில் சாரலைத் தருகிறது. கிழக்கே வரவர ஈரம் வடிந்து வெறுங்காற்றாகிவிடுவதால், சுரண்டை முதல் கயத்தாறு வரை இன்று அதை அறுவடை செய்பவை காற்றாலைகளே. இந்த வறண்ட பக்கத்தில் சுற்றுநிலம் தேய்ந்தபின் எஞ்சிய தனிக்குன்றுகளில் கழுகுமலை குறிப்பிடத்தக்கது. இயற்கை விட்டுவைத்த அந்தப் பாறையை 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து வெட்டுவான் கோயிலை உருவாக்கி, அடிப்பகுதியை முடிக்காமலே விட்டனர்.

மலையடிவாரத்தில் குளங்கள் வெட்டி ஓடைநீரைத் தேக்கும் வழக்கம் பழமையானது. பாளையக்காரர் காலத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் செண்பகவல்லி அணைக்கட்டு, மேற்கே ஓடும் நீரில் ஒரு பகுதியைச் சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குளங்களுக்குத் திருப்பியது. 18-ஆம் நூற்றாண்டில் சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அது கட்டப்பட்டது என்பது உழவர்களின் கூற்று.

இதே கருத்தின் பேருருவான பெரியாற்றுத் திட்டத்துக்கு ஆவணங்கள் மிகுதி. பெரியாறு சிவகிரி மலையின் மேற்குப் புறத்தில் பிறந்து வடக்கே ஓடிப் பின் மேற்கே திரும்புகிறது. ஊற்றுக்கண் தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ளதா, கேரளத்துக்குள் உள்ளதா என்பதில் இரு மாநிலங்களும் மாறுபடுகின்றன. இந்நீரை வைகைக்குத் திருப்பும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்கு இருந்ததாகக் கூறப்படுகிறது. 1808-இல் இடத்தைப் பார்த்த கேப்டன் கால்டுவெல் அதை நடவாத காரியம் என்று ஒதுக்கினார். தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. மறு ஆண்டு ஜான் பென்னிகுயிக் பொறுப்பில் பணி தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் பொடியும் கலந்த காரையால் கட்டிய அடித்தளத்தை வெள்ளம் அடித்துச் சென்றது, மலேரியா தொழிலாளரை வாரிக்கொண்டது; ஆயினும் 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஒரு பள்ளத்தாக்கு நீர்த்தேக்கமானது. அன்று மூழ்கிய மரங்களின் பட்ட தண்டுகள் தேக்கடியில் இன்றும் நீருக்கு மேல் தெரிகின்றன. சிவகிரி முகட்டுக்குப் பின்னால் பெய்த மழை இவ்வாறு சுற்றிவந்து மதுரை வயல்களை அடைந்தாலும், முகட்டுக்கு நேர் கிழக்கே உள்ள சங்கரன்கோவில் வட்டத்துக்கு அதில் பங்கு இல்லை.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், 1904-இல் செங்கோட்டைக் கணவாயைக் கடந்த இருப்புப்பாதை, மேற்குச் சரிவின் தேயிலை, ஏலத் தோட்டங்கள் ஆகியவை காட்டின் பரப்பையும் தன்மையையும் மாற்றின. தோட்டங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் கனமழையால் மலை சரிந்து மாண்ட 70 பேரில் அத்தகைய தமிழ்க் குடும்பத்தினரே மிகுதி. சரிவான நிலமும் தடித்த மண்ணும் பெருமழையும் இதற்குக் காரணம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தோட்டப் பயிர் எவ்வளவு பங்களித்தது என்பது விவாதத்துக்குரியது.

2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாறு எனப்படும் இந்தப் பெரியாற்று அணையில் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. உடைந்துபோன செண்பகவல்லி அணைக்கட்டைச் சீரமைக்க வேண்டும் என்ற கோரிக்கை சிவகிரி வட்டாரத்தில் நீடிக்கிறது.